ஏழு கட்டில் கயிறு

மேட்டுப்பாறைக் கல்குழிக்கு அடியே கிடையாது என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது. ஏழு கட்டிலைப் பிரித்து, கயிற்றை ஒன்றோடொன்று முடிந்து, நுனியில் கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தார்களாம். எட்டவில்லையாம். சொன்னவர்கள் வருத்தத்தோடு சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்கள். திருப்போரூரில் முருகன் இருக்கிறார், செங்கல்பட்டில் பெரிய ஏரி இருக்கிறது, உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்ல இப்போது ஒன்று கிடைத்துவிட்டது.

அந்தக் குழியில்தான் அருணகிரியின் மனைவி பிரபாவதி செத்துப்போனாள்.

காரியம் முடிந்த மறுநாள் காண்ட்ராக்டர் வாசுதேவன் அவன் மாமியார் வீட்டுக்கு வந்தார். குழி அவருடையது. நான்கு வருடம் முன்புவரை வெடி வைத்துக் கல் எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போனவர். வேலி இல்லை, ஓரத்தில் ஒரு கல் வரிசைகூட இல்லை. மழைத் தண்ணீர் நின்றது. போன வருடம் மழை பொய்த்து, இந்த வருடம் ஊர் ஏரி காய்ந்து வெடித்தபோது, தண்ணீர் இருந்த ஒரே இடம் அதுதான். ஊர்ப் பெண்கள் துணியை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். அம்மா வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று செங்கல்பட்டிலிருந்து வந்த பிரபாவதியும் போனாள், ஓரத்தில் கால் வழுக்கி உள்ளே விழுந்தாள்.

வாசுதேவன் நாற்காலியில் உட்கார்ந்து, மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் வருத்தப்பட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சர்க்கார் கொடுத்த அனுமதி இருபது அடி. அவர் வெட்டியதும் இருபது அடி. அதற்குக் கீழே ஊற்றுக்கண் ஒன்று தானாகத் திறந்துகொண்டது. பூமி வாயைத் திறந்தால் மனுசன் என்ன செய்வான்? ஏழு கட்டில் கயிறு எட்டாத இடம் மனுசன் வெட்டிய இடமா? அது தெய்வம் இருக்கிற இடம். அந்தத் தெய்வம் பிரபாவதியைத் தன்னோடு வைத்துக்கொண்டது. அதனால் குழியின் கரையில் அவளுக்கு ஒரு கோயில் கட்டித் தருகிறார். கல் அவருடையது, ஆள் அவருடையது. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அதிகாரி வருகிறார். அன்றைக்கே பூவாடை அழைத்துவிடலாம். வீட்டுக்காரர்கள் அதிகாரியிடம் இது தெய்வச் செயல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சுமங்கலியாகச் செத்த பெண்ணை நீர்க்கரையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, புதுக் குடத்தில் வரவழைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பூவாடைக்காரி என்பார்கள். பிரபாவதியின் அம்மா சின்னப்பொண்ணு அந்தப் பெயரைக் கேட்டதும் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். மகள் செத்த நாளிலிருந்து அவள் முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று வந்தது. அருணகிரி அதைப் பார்த்தான். அவன் பேசி நாளாகியிருந்தது. கொடுத்தால் சாப்பிட்டான், படு என்றால் படுத்தான். அழவில்லை. அதைப் பற்றியும் ஊர் பேசியது.

வாசுதேவன் எழுந்துகொள்ளும்போது, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அவன் தோளைத் தட்டிச் சொன்னார்:

"நீ பூகோள வாத்தியாராச்சே. ஒலகத்துலயே ஆழமான ஏரி நம்மூருலதான் கீதுன்னு வச்சிக்கோயேன்."

அருணகிரி தலையைத் தூக்கினான்.

"ஒலகத்துலயே ஆழமான ஏரிக்கும் அடி இருக்குது சார்."

வாசுதேவன் சிரித்தார். துக்க வீட்டில் சிரித்ததற்காக உடனே முகத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

*

உலகத்தின் மிக ஆழமான ஏரி சைபீரியாவில் இருக்கிறது. பைகால். ஐயாயிரம் அடிக்கும் மேல். உலகத்தில் ஏரி, ஆறு என்று ஓடியும் தேங்கியும் கிடக்கிற நல்ல தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே பள்ளத்தில் இருக்கிறது. அருணகிரி அதை வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்குச் சொன்னான். வகுப்பு கொட்டாவி விட்டது. வீட்டில் பிரபாவதி மட்டும் கேட்டாள். அவன் விடைத்தாள் திருத்தும்போது எதிரில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள்.

பைகாலில் ஒரு மீன் இருக்கிறது. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியும். முட்டை போடாது, குட்டி போடும். வெயிலில் எடுத்து வைத்தால் உருகி எண்ணெயாகிவிடும் என்று அவன் சொன்னபோது, அப்படியென்றால் வறுக்கத் தனியாக எண்ணெய் வேண்டாம் என்றாள். கடல் எத்தனையோ தூரம் தள்ளியிருக்க, அந்த நல்ல தண்ணீரில் சீல் எனும் கடல்நாய்கள் வாழ்கின்றன என்றான். வழி தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டதா, பாவம், என்றாள். ஆப்பிரிக்காவில் டாங்கனீகா இருக்கிறது, ஆழத்தில் இரண்டாவது, மேலே அத்தனை வகை மீன் துள்ளுகிறது, ஆனால் கொஞ்சம் கீழே போனால் தண்ணீரில் காற்றே கிடையாது, ஒரு புழுகூட உயிரோடு இருக்காது என்றான். அமெரிக்காவில் ஒரு ஏரி, அதற்குள் ஆறும் வராது, அதிலிருந்து ஆறும் போகாது, மழையும் பனியும் விழுந்தே நிரம்பியது, நீலம் என்றால் அப்படி ஒரு நீலம் என்றான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். ஏன் அவ்வளவு ஆழம்?

அவன் சொல்வான். பைகாலில் பூமி பிளந்தது, இன்னும் பிளந்துகொண்டிருக்கிறது. டாங்கனீகாவும் அப்படித்தான். அமெரிக்காவில் ஒரு எரிமலை நெருப்பைக் கக்கித் தீர்த்தபின் உள்ளே காலியாகி, அதன் தலையே உள்ளே விழுந்தது. அந்தப் பள்ளம்தான் ஏரி.

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருக்கீங்க," என்பாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணம் இல்லாத ஆழம் உலகத்தில் கிடையாது. பூமி பிளந்திருக்க வேண்டும், மலை விழுந்திருக்க வேண்டும், பனிப்பாறை அரைத்திருக்க வேண்டும். அல்லது ஒருவன் வெடி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. குளிர் நாட்டு ஆழமான ஏரிகளின் அடியில் தண்ணீர் எப்போதும் உறைநிலைக்குச் சற்று மேலேயே இருக்கும். அந்தக் குளிரில் உடம்பு கெடாது. கெடாத உடம்பு மிதக்காது. அங்கே மூழ்கியவர்கள் பெரும்பாலும் மேலே வருவதில்லை. பிரபாவதி மூன்றாம் நாள் காலையில் மேலே வந்தாள். கரையில் எல்லோரும் அலறியபோது அவன் மனதில் முதலில் வந்தது அதுதான்: இது அவ்வளவு ஆழமில்லை. வகுப்பில் சொல்வதுபோல் ஒரு வாக்கியம். அதற்காக அவன் தன்னையே வெறுத்தான். ஆனால் வாசுதேவன் வந்துவிட்டுப் போன பிறகு, அந்த வாக்கியம் மறுபடியும் வந்து நின்றது.

அவளுக்கு நீச்சல் தெரியும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐந்து வயதில் ஏற்றக் கிணற்றில் குதித்தவள். ஏரி என்றால் கரை இருக்கும், சரிவு இருக்கும், நீந்திப் போய்க் கால் ஊன்ற ஒரு இடம் இருக்கும். இந்தக் குழிக்கு நான்கு பக்கமும் சுவர். சீவிவிட்ட மாதிரி செங்குத்தான சுவர். பிடித்துக்கொள்ள ஒரு விரல் இடம் கிடையாது. கரையில் இருந்த பெண்கள் சேலையை அவிழ்த்து முடிந்து வீசுவதற்குள் அவள் களைத்துப்போனாள். இதைத் தெய்வம் செய்ததாம்.

அன்று மாலை அவன் மாமியாரிடம், குழியை அளக்கப்போவதாகச் சொன்னான். சின்னப்பொண்ணு கோபப்படவில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடி, நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அடி இல்லன்னா, எம்பொண்ணு எங்கியோ போயிட்டான்னு கீது. அடி இருக்குன்னு நீங்க அளந்து சொல்லிட்டா, மூணு நாளு அந்தப் பாறையில கெடந்தான்னு ஆவுது. எனக்கு இன்னாத்துக்கு மாப்ள அது?"

மறுநாள் காலை அவன் கோவளத்துக்குப் பஸ் ஏறினான்.

*

கோவளத்தில் கிஃபாயத்துல்லாவுக்கு வலைக் கடை. அவனும் அருணகிரியும் சென்னையில் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். பி.ஏ. முடித்த கையோடு கிஃபாயத்துல்லா தன் அப்பாவின் கடையில் உட்கார்ந்துவிட்டான். கடை முழுக்க நைலான் நூலும் ஈயக்குண்டும் மிதவையுமாகத் தொங்கின. அருணகிரி உள்ளே வந்ததும், கிஃபாயத்துல்லா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு நாஸ்தா வரவழைத்தான். அருணகிரி அதைத் தொடவில்லை. முறுக்கு ஏறாத மெல்லிய நைலான் கயிறும், கனமான ஈயக்குண்டு ஒன்றும் வேண்டும் என்றான்.

"இன்னா மச்சான், மீன் புடிக்கப் போறியா?"

"ஆழம் பாக்கணும்."

எந்த ஆழம் என்று கிஃபாயத்துல்லா கேட்கவில்லை. ஈயக்குண்டு ஒன்றை எடுத்து, கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"அளந்தா தங்கச்சி திரும்பி வந்துடுமா?"

"வராது. ஆனா இவள சாமியாக்கிட்டு வேலி போடாம வுட்டான்னா, நாளைக்கு இன்னொருத்தி வுழுவா. அவளயும் சாமியாக்குவான். அவன்கிட்ட கல்லு நெறைய கீது."

பல நாளுக்குப் பிறகு அவன் சேர்த்தாற்போல் பேசியது அதுதான். கிஃபாயத்துல்லா கயிற்றைத் தரையில் பிரித்துப் போட்டான். கடற்கரையில் ஆழத்தை அடியில் சொல்வதில்லை. பாகம் என்று சொல்வார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. பாகத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே, ஏழு கட்டில் கதையை முழுக்கக் கேட்டான். எப்படி விட்டார்கள், யார் விட்டார்கள் என்று குடைந்தான்.

அருணகிரி விசாரித்து வைத்திருந்தான். வாசுதேவன்தான் ஏற்பாடு. பிணம் எடுத்த மறுவாரம், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்தது. கட்டில் கயிறு தேங்காய் நார்க் கயிறு. பிரித்த கயிறு காய்ந்து முறுகியிருக்கும், இழுத்தால் அறும். அதனால் கட்டில் பின்னுகிறவர்கள் எப்போதும் செய்வதுபோல, முதல் நாளே தொட்டியில் ஊறப்போட்டார்கள். ஊறிய கயிறு கல்லைவிடக் கனம். கட்டிய கல்லோ தேங்காய் அளவு. கல் எப்போதோ அடியில் உட்கார்ந்துவிட்டது. கயிறு தன் கனத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தது. கை கொடுக்கக் கொடுக்க அது போகும். பதினாலு கட்டில் கொடுத்திருந்தாலும் போயிருக்கும்.

"திரும்ப இழுத்தாங்களா?"

"இல்ல. தண்ணிக்குக் குடுத்தத திருப்பி வாங்கக் கூடாதாம். அப்பிடியே வுட்டுட்டாங்க."

கிஃபாயத்துல்லா முடிச்சுப் போடுவதை நிறுத்தினான். இந்தத் தப்பை இவர்கள்தான் முதலில் செய்தார்களா என்று கேட்டான். இல்லை என்றான் அருணகிரி. பெரிய கப்பல்காரர்களே நடுக்கடலில் சணல் கயிற்றை விட்டு, அது பாட்டுக்கு ஓடுவதைப் பார்த்து, அடியே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பைகாலைச் சரியாக அளக்கத் தொடங்கியவன் ஒரு கைதி. ஜார் அரசன் நாடு கடத்திய போலந்துக்காரன். குளிர்காலத்தில் ஏரி உறைந்த பிறகு, பனியின் மேல் நடந்துபோய், துளை போட்டு, கயிறு விட்டான். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு துரத்திய இடத்தில் போய் அளந்துகொண்டு உட்கார்ந்தான்.

"அவனுக்கு இன்னா கெடச்சுது?"

"அளவு."

கிஃபாயத்துல்லா கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே கிளம்பினான். பக்கத்து ஒர்க் ஷாப்பிலிருந்து காற்றடித்த லாரி டியூப் ஒன்றையும் தூக்கிக்கொண்டான். பஸ்ஸில் கண்டக்டர் டியூபுக்கும் டிக்கெட் எடு என்றார். அது என் மடியில் உட்கார்ந்துகொள்ளும், கைக்குழந்தை, என்றான் அவன். பஸ் சிரித்தது. அருணகிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

வெள்ளிக்கிழமை காலை குழிக்கரையில் திருவிழா மாதிரி கூட்டம். ஒரு ஓரத்தில் கோயிலுக்கான கல் வந்து இறங்கிக் கிடந்தது. சீராக உடைத்த நீலக்கல், இரண்டு லாரி. நான்கு வருடமாக வேலிக்குக் கிடைக்காத கல், ஒரே வாரத்தில் கோயிலுக்குக் கிடைத்துவிட்டது.

குழி அமைதியாக இருந்தது. பச்சையாக, ஒரு சலனமும் இல்லாமல். எதிர்ச் சுவரில் வெடிக்குத் துளை போட்ட தடங்கள் மேலிருந்து கீழே நேர்கோடாக இறங்கின. தண்ணீருக்குள்ளும் இறங்கின. கண்ணுக்கு எட்டியவரை அந்தக் கோடுகள் கீழே போவது தெரிந்தது. இத்தனை பேர் தினமும் பார்த்த சுவர்தான்.

சின்னப்பொண்ணு மஞ்சள் பூசிய புதுக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடத்தின் கழுத்தில் மல்லிகைச் சரம். பக்கத்தில் மடித்த புதுச் சேலை. அவள் மருமகனைப் பார்க்கவில்லை.

அதிகாரி ஜீப்பில் வந்தார். இளைஞர், வெயில் தாங்காதவர். வாசுதேவன் அவருக்குக் குடை பிடிக்க ஒரு ஆளை நிறுத்தினார். இருபது அடி, ஊற்றுக்கண், ஏழு கட்டில், எல்லாம் வரிசையாக வந்தது. கயிற்றின் நுனியைப் பிடித்திருந்த எல்லப்பன் சாட்சிக்கு வந்தான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. கடைசிவரைக்கும் கயிறு போய்க்கொண்டே இருந்தது என்றான். அது உண்மைதான்.

அருணகிரி முன்னால் வந்து, தானும் ஒருமுறை விட்டுப் பார்க்க வேண்டும் என்றான். அதிகாரி தலையாட்டினார்.

கிஃபாயத்துல்லா ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தான். அதில் நார்க்கயிறு ஊறிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கட்டிலின் கயிறு. அருணகிரி முந்தின நாள் செங்கல்பட்டுக்குப் போய்த் தன் வீட்டுக் கட்டிலைப் பிரித்து எடுத்து வந்திருந்தான். பிரிப்பதற்கு வெகு நேரம் ஆனது. அவளும் அவனும் படுத்த கட்டில்.

அவர்கள் செய்தது போலவே செய்யச் சொன்னான். தேங்காய் அளவு கல். எல்லப்பனே பிடித்துக்கொள்ளட்டும். கல் முழுகியது. எல்லப்பன் கொடுத்துக்கொண்டே இருந்தான், கயிறு போய்க்கொண்டே இருந்தது. வாளி காலியானது. நுனி கைக்கு வந்தது. இன்னும் போகப் பார்க்குது என்றான் எல்லப்பன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. வாசுதேவன் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப இழுங்க," என்றான் அருணகிரி.

எல்லப்பன் தயங்கினான். தண்ணிக்குக் குடுத்தத எடுக்கக் கூடாது வாத்தியாரே என்றான். கூட்டமும் அதையே சொன்னது.

"நான் தண்ணிக்குக் குடுக்கல. அது எங்க கட்டில் கயிறு. எனக்கு வேணும்."

எல்லப்பன் இழுத்தான். முதலில் கொஞ்ச தூரம் கயிறு ஊறிய பழுப்பு நிறத்தில் சுத்தமாக வந்தது. பிறகு நிறம் மாறியது. சாம்பல். கயிறு முழுக்க மாவு மாதிரி சாம்பல் நிறப் பொடி அப்பியிருந்தது. சுருண்டு, சிக்கி, அடியில் படுத்துக் கிடந்த கயிறு எப்படி வருமோ அப்படி வந்தது. பாதிக்கு மேல் அப்படித்தான். கடைசியில் கல் வந்தது.

அருணகிரி அந்தப் பொடியை விரலால் வழித்து அதிகாரியிடம் காட்டினான். ஏரிக்கு அடியில் வண்டல் இருக்கும், கறுப்பாக, வழவழப்பாக. பைகாலின் அடியில் அது மைல் கணக்கில் படிந்து கிடக்கிறது. அவ்வளவு வயது அதற்கு. இது வண்டல் இல்லை. துளை போட்டு வெடி வைத்தபோது விழுந்த பாறைப் பொடி. இதற்கு வயது நான்கு வருடம்.

"ஒரு கட்டில் கயிறே போயிப் பாய் போட்டுப் படுத்துகினு கீது," என்றான் கிஃபாயத்துல்லா, யாரையும் பார்க்காமல். "மிச்சம் ஆறு கட்டில்காரங்க ராத்திரி எங்க படுக்கறாங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கட்டிலைக் கொடுத்தவர்களில் ஒருவராக இருக்க வேண்டும்.

பிறகு அருணகிரி சட்டையைக் கழற்றினான். கல் எடுத்த காலத்தில் லாரி கொஞ்ச தூரம் இறங்கிய சரிவு ஒன்று மேற்கே இருந்தது. தண்ணீருக்கு மேலேயே அது அறுந்து நின்றது, அதற்குக் கீழே இங்கும் சுவர்தான். அந்த வழியாக டியூபை இறக்கினான். நீயும் வா என்று கூப்பிட்டதற்கு, கடலோரத்தில் பிறந்தும் நீச்சல் தெரியாத கிஃபாயத்துல்லா, நான் வலை விக்கறவன் மச்சான், மாட்டிக்கறவன் இல்ல, என்று கரையிலேயே நின்றுவிட்டான். ஆனால் டியூபில் கட்டிய கயிற்றின் மறுநுனியைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டான். அருணகிரி திரும்பி வரும்வரை அவன் அதை அவிழ்க்கவில்லை.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அருணகிரி எதையும் நினைக்கவில்லை. ஈயக்குண்டை விட்டான். நைலான் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடியது. பத்தாவது முடிச்சில் சட்டென்று தொய்ந்தது. தூக்கி மறுபடியும் போட்டான். உள்ளங்கையில் டொக்கென்று ஒரு தட்டு. பாறை. தள்ளிப் போய்ப் போட்டான். பத்து. சுவர் ஓரத்தில் போட்டான். பத்து. நடுவில், மூலையில், எங்கே போட்டாலும் பத்து. ஊற்றுக்கண் எங்கேயும் இல்லை. கல்யாண மண்டபத்துத் தரை மாதிரி சமமாக வெட்டிய தரை. ஒவ்வொரு முறையும் அவன் கரைக்குக் குரல் கொடுத்தான். கரையில் கிஃபாயத்துல்லா அதிகாரிக்குத் திருப்பிச் சொன்னான்.

அறுபது அடி. அனுமதி இருபது.

வாசுதேவன் விட்டுக்கொடுக்கவில்லை. இது மீன்காரன் கணக்கு, சர்க்கார் கணக்கு வேறு என்றார். அப்படியே அடி இருந்தால்தான் என்ன, விதி வந்தால் முழங்கால் தண்ணீரிலும் போகும் என்றார். பெத்தவளே தெய்வம் என்று ஒத்துக்கொண்டு குடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள், இடையில் இவன் யார் என்றார். அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். போலீசில் தகவல் சொன்னது பெண்ணின் தாயார்தான், அவர் வாக்குமூலம்தான் முக்கியம் என்று சொல்லி, சின்னப்பொண்ணு பக்கம் திரும்பினார்.

சின்னப்பொண்ணு குடத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, டியூப் கயிற்றைப் பிடித்துக் கரையேறி நின்ற மருமகனின் கையிலிருந்து நைலான் கயிற்றை வாங்கிக்கொண்டாள். கல்குழியின் விளிம்புக்கு அவள் போனபோது இரண்டு பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். ஈயக்குண்டை விட்டாள். அது போய்த் தட்டியது அவள் கையில் தெரிந்திருக்க வேண்டும். தோள் ஒருமுறை குலுங்கியது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கி மறுபடி தட்டிப் பார்த்தாள். மெதுவாக, யாருடைய தூக்கத்தையும் கலைக்கக் கூடாது என்பதுபோல.

பிறகு கயிற்றை இழுக்க ஆரம்பித்தாள். முடிச்சைப் பார்க்கவில்லை. கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவள் இழுப்பது போல, கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். உதடு அசைந்தது. ஈயக்குண்டு மேலே வந்ததும் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசுதேவனைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக் கெணறும் இவ்ளோதான்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் நிறுத்தவில்லை.

"முப்பது வருசமா சேந்தறேன். என் கைக்குத் தெரியாதா? இதே இழுப்புதான். பிரபா தவழ ஆரம்பிச்சப்ப, அவங்கப்பா வேற எந்த வேலையும் பாக்கல. மொதல்ல கெணத்தச் சுத்திச் செவுரு வெச்சாரு. கையில டப்பு இல்ல, மண்ணு செவுருதான். இவ்ளோ ஆழத்துக்கு அது போதும்னு ஏழைக்குத் தெரிஞ்சிருக்குது. ரெண்டு லாரி கல்லு வெச்சிகினு ஒனக்குத் தெரியல."

வாசுதேவனை அந்த ஊரில் யாரும் ஒருமையில் பேசியதில்லை.

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். குரல் தணிந்தது.

"எழுதிக்கோ சாமி. ஏரியில வுழல எம்பொண்ணு. கெணத்துல வுழுந்தா. செவுரு இல்லாத கெணத்துல."

அதிகாரி எழுதினார். கல்குழி, அனுமதிக்கு மேல் தோண்டியது, தடுப்பு இல்லை என்று எழுதியதை வாசித்தும் காட்டினார். வாசுதேவன் இது இத்தோடு முடியாது, மேலே போவேன் என்றார். போவார். அவருக்கு மேலே ஆள் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லைத் திருப்பி ஏற்ற லாரி வருவதற்குள், எல்லப்பன் குனிந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழியின் விளிம்பில், பெண்கள் துணி துவைக்கிற இடத்தில் வைத்தான். கட்டிலைப் பறிகொடுத்தவர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சாமிக்கு என்று வந்த கல்லைத் தொடலாமா என்று ஒருவர் கேட்டார். தொடலாம் என்று சின்னப்பொண்ணு சொன்னாள்.

அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் மொள்ளவில்லை. பூவாடையை வீட்டுக் கிணற்றடியில் அழைத்துக்கொள்கிறேன் என்றாள். கிணறு வற்றிக் கிடக்கிறதே என்று ஒரு பெண் ஞாபகப்படுத்தினாள். ஒரு நாளைக்கு இரண்டு குடம் ஊறுகிறது, அவளுக்கு அது போதும் என்றாள்.

கிஃபாயத்துல்லா பின்தங்கி, கயிற்றைச் சுற்றிக்கொண்டே வந்தான். சாம்பல் படிந்த கட்டில் கயிறு அருணகிரியின் தோளில் கிடந்தது. ஈரம் முதுகில் வழிந்தது. காய்ந்த ஏரிக்கரை மேல் சின்னப்பொண்ணு முன்னால் நடந்தாள். பாதி வழியில் நின்றாள்.

"அந்த ரஷ்யா ஏரின்னு பிரபா சொல்லும். அதுல வுழுந்தவங்க?"

"மேல வரமாட்டாங்க அத்த. தண்ணி அவ்ளோ குளிரு. அப்பிடியே வெச்சிக்கும்."

"எம்பொண்ணு வந்தாளே."

"வந்தா."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் குரல் உடைந்தது. கரை மேலேயே உட்கார்ந்துவிட்டான். கயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அதில் பாறைப் பொடியின் வாசனைதான் இருந்தது.

சின்னப்பொண்ணு குடத்தை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால், குழிப் பக்கத்திலிருந்து, கல்லின் மேல் கல்லை வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.